அறுபது தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு: நடைப்பயிற்சியில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பொதுக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கிளைம் பிரிவில், அதாவது காப்பீட்டுப் பணம் கேட்டு வரும் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவில், பல வருடம் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு காலையில் பூங்காவுக்கு நடக்கப் போனால் நடப்பதைவிட நின்று பதில் சொல்வதுதான் அதிகம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் யாருக்கும் ஏஜென்ட் இல்லை. எந்த கம்பெனியை எடுக்கலாம் என்று பெயர் சொல்லவும் மாட்டேன்.

எனக்கு 68 வயது. இனிமேல் பாலிசி கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். முன்பு 65 வயதோடு பல கம்பெனிகள் கதவைச் சாத்திவிடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த புதிய விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளை கம்பெனிகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன அவை. அதற்காகக் கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று இல்லை. மருத்துவப் பரிசோதனை செய்துவிட்டு, உங்கள் உடல்நிலைக்கு முடியாது என்று ஒரு கம்பெனி சொல்லலாம். அப்படியானால் இன்னொரு இடத்தில் கேளுங்கள். ஒருவர் தள்ளியதை மற்றவர் சற்றுக் கூடுதல் பிரீமியத்துக்கு ஏற்றுக்கொள்வது சகஜம்.

அரசுத் திட்டம் இருக்கும்போது தனியாக எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

முதலில் அரசுத் திட்டத்தில் உங்களுக்கு என்ன உண்டு என்று பாருங்கள், அப்புறம் தனியாரைப் பற்றி யோசிக்கலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மத்தியத் திட்டம் முதலமைச்சர் திட்டத்தோடு சேர்ந்தே நடப்பதால் இதையும் அதே மையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். மாநில அரசு ஓய்வூதியர் என்றால் மாதாமாதம் ஓய்வூதியத்தில் பிடித்தம் செய்யும் தனித் திட்டம் இருக்கிறது. பிடித்தம் போகிறது என்றே தெரியாத ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அட்டை இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் போகும் மருத்துவமனை பட்டியலில் இருக்க வேண்டும், உங்களுக்குத் தேவையான சிகிச்சையும் அவர்கள் வகுத்த தொகுப்பில் இருக்க வேண்டும். முதலமைச்சர் திட்டத்துக்கு 1800 425 3993, ஆயுஷ்மானுக்கு 14555. படுக்கையில் விழுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் வரை பட்டியலில் ஒன்றும் இல்லை, அல்லது இருக்கும் மருத்துவமனை உங்களுக்குச் சரிப்படாது என்றால்தான் தனியார் பாலிசிக்கு வேலை வருகிறது.

பையனின் கம்பெனி இன்சூரன்ஸில் எங்களையும் சேர்த்திருக்கிறான். அது போதாதா?

அவன் அந்த வேலையில் இருக்கும்வரை போதும், அருமையான வசதியும்கூட. பழைய வியாதிக்கு முதல் நாளிலிருந்தே பணம் கொடுக்கும் குழு பாலிசிகள் நிறைய. ஆனால் வேலை மாறினால், ஆட்குறைப்பு வந்தால், அன்றே போய்விடும். அப்போது உங்களுக்கு 74 வயதாகியிருக்கும், புதிதாகத் தொடங்க வேண்டும். வேலையை விடும்போது அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, பையன் அதைக் கேட்டு வாங்க வேண்டும். முடிந்தால் சின்னத் தொகைக்காவது சொந்தப் பாலிசி ஒன்றை இப்போதே தொடங்கி ஓடவிடுங்கள். சில நோய்களுக்குக் கம்பெனி பணம் கொடுக்காத ஆரம்பக் காலம் ஒன்று உண்டு, காத்திருப்புக் காலம் என்பார்கள். அது பின்னணியில் கழிந்துகொண்டிருக்கும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதைச் சொல்லாதீர்கள், சொன்னால் பாலிசி கிடைக்காது என்கிறார் ஏஜென்ட்.

என் அனுபவத்தில் நிராகரிக்கப்பட்ட கிளைம்களில் மனதைக் கஷ்டப்படுத்தியவை எல்லாம் இப்படி ஆரம்பித்தவைதான். புரபோசல் படிவத்தை, அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்தை, ஏஜென்டே நிரப்புவார். எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் போடுவார். நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். இரண்டு வருடம் கழித்து நெஞ்சுவலியோடு போகும்போது மருத்துவர் விசாரித்து, ‘பத்து வருடமாகச் சர்க்கரை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார். அவர் எழுதத்தான் வேண்டும், அது அவர் வேலை. அந்த ஒரு வரி போதும். கம்பெனி கிளைமை மறுக்கும், பாலிசியையே ரத்தும் செய்யலாம். ஏஜென்டிடம் கேட்டால், படிவத்தில் கையெழுத்து உங்களுடையதுதானே என்பார்.

சொன்னால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் கூடலாம். அந்த நோய்க்கு மட்டும் காத்திருப்புக் காலம் வரும். முன்பு 48 மாதம் வரை இழுத்தார்கள். 2024 ஏப்ரலிலிருந்து 36 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மூன்று வருடம் கழித்து அதே சர்க்கரையால் வரும் சிக்கலுக்கும் உரிமையோடு கேட்கலாம்.

இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், அதற்குப் பிறகு ‘மறைத்துவிட்டார்’ என்ற காரணத்தைச் சொல்லி கிளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். இதைச் சாக்காக வைத்து, ‘ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்’ என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுபது வயதில் ஐந்து வருடம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருப்பேன் என்று யார் எழுதித் தர முடியும்?

படிவத்தை நீங்களே நிரப்புங்கள், அல்லது பேத்தியை விட்டு உங்கள் முன்னால் நிரப்பச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் எழுதுங்கள். நிரப்பிய படிவத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனிலோ போனிலோ எடுத்தாலும் இதே கதைதான். பாலிசியோடு வரும் படிவ நகலில் உங்கள் பதில் தப்பாக இருந்தால் உடனே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள்.

பாலிசி நாற்பது பக்கம் இருக்கிறது. எதைப் படிப்பது?

நாற்பதையும் படிக்கச் சொன்னால் நீங்கள் நாளையிலிருந்து வேறு பூங்காவுக்குப் போய்விடுவீர்கள். பாலிசியோடு ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ என்று ஒன்று கொடுக்க வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் விதி. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எளிமையாக இருக்கும். கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். கேளுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அதில் மூன்று இடத்தில் விரலை வையுங்கள். முதலாவது காத்திருப்புக் காலம். விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் ஒன்றும் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனியாக இரண்டு, மூன்று வருடம் இருக்கும். நம் வயதில் வருவதே இவைதான் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது கோ-பே. ஒவ்வொரு கிளைமிலும் இத்தனை சதவீதம் உங்கள் பங்கு என்பது. மூத்தோர் பாலிசிகளில் 20, 30 சதவீதம்கூட உண்டு. எல்லா கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்கும் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற அடிப்படைப் பாலிசியில் அது 5 சதவீதம்தான்.

மூன்றாவது ரூம் வாடகை வரம்பு. இதில்தான் படித்தவர்களே வழுக்கி விழுகிறார்கள். ‘ஐயாயிரம் வரம்பு, எட்டாயிரம் ரூம், மூவாயிரத்தை நான் போட்டுக்கொள்கிறேன்’ என்று நினைப்பார்கள். கணக்கு அப்படி வராது. ரூம் ஏறினால் அந்த மருத்துவமனையில் ஆபரேஷன் கட்டணம், டாக்டர் கட்டணம், நர்சிங் எல்லாமே ஏறும். அதனால் கம்பெனி அவற்றையும் அதே விகிதத்தில் வெட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 5 லட்சம் பாலிசி, நாள் வாடகை வரம்பு 5,000, கோ-பே 20 சதவீதம். நீங்கள் 8,000 ரூபாய் ரூமில் 4 நாள் இருந்தீர்கள். ரூமுக்கு 32,000, ஆபரேஷனும் டாக்டர் கட்டணமும் 1,60,000, மருந்தும் இம்ப்ளான்டும் (உடலுக்குள் பொருத்தும் கருவி) 80,000, ஆக பில் 2,72,000. ரூமுக்குக் கம்பெனி 20,000 ஏற்கும். 1,60,000-ஐ எட்டில் ஐந்து பங்காக்கி 1,00,000 ஏற்கும். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை போன்றவற்றில் இந்த வெட்டு போடக் கூடாது, அதனால் 80,000 முழுதும் வரும். கூட்டினால் 2,00,000. அதில் கோ-பே 40,000 போக, கம்பெனி தருவது 1,60,000. உங்கள் கையிலிருந்து 1,12,000. மூவாயிரம் அதிகம் என்று நினைத்து எடுத்த ரூம் அது.

ஆகவே, ரூம் வரம்பு இல்லாத பாலிசி கிடைத்தால் பிரீமியம் கொஞ்சம் கூட இருந்தாலும் அதை எடுங்கள் என்பேன். இல்லையென்றால் அட்மிஷன் கவுன்டரில் முதல் வார்த்தையாக, ‘என் பாலிசிக்கு எந்த ரூம்?’ என்று கேளுங்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

உங்கள் ஊரில் நீங்கள் போகக்கூடிய மருத்துவமனையில் இதய ஆபரேஷனுக்கு என்ன ஆகும் என்று விசாரியுங்கள். அதுதான் அளவு. அவ்வளவுக்குப் பிரீமியம் கட்ட முடியாவிட்டால் சின்ன அடிப்படைப் பாலிசியும் அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப்பும் எடுக்கலாம். முதல் 3 லட்சமோ 5 லட்சமோ தாண்டிய பிறகுதான் டாப்-அப் தொடங்கும் என்பதால் விலை குறைவு.

பிரீமியத்தை வருடா வருடம் ஏற்றுகிறார்களே?

2025 ஜனவரி இறுதியில் ஐஆர்டிஏஐ ஒரு கடிவாளம் போட்டது. 60 வயது கடந்தவர்களுக்கு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் கம்பெனி முதலில் ஆணையத்தோடு கலந்து பேச வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கப்பட்டது. இன்னும் யாராவது உங்கள் சொந்தப் பாலிசிக்கு ஜிஎஸ்டி என்று தனியாகப் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரீமியத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டினால் கிடையாது.

ஏற்றிவிட்டார்கள் என்ற கோபத்தில் புதுப்பிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். கழித்த காத்திருப்புக் காலமெல்லாம் போய்விடும். பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு ‘போர்ட்’ செய்யலாம், கழித்த காலம் கூடவே வரும். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாளுக்கு முன்பு விண்ணப்பியுங்கள். புதிய கம்பெனி சரி என்று எழுத்தில் சொல்லும்வரை பழையதைக் கைவிடக் கூடாது.

பேங்கில் எஃப்டி போடப் போனேன். அதைவிட நல்லது, மருத்துவமும் சேர்ந்தது என்று ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள்.

வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தை எடுங்கள். ‘பாலிசி டெர்ம்’, ‘பிரீமியம் பேயிங் டெர்ம்’ என்று இருந்தால் அது எஃப்டி இல்லை, ஆயுள் காப்பீடு. பெரும்பாலும் வருடா வருடம் அதே தொகையைக் கட்ட வேண்டியதாக இருக்கும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிராஜுவிட்டிப் பணத்தை இப்படித்தான் கொடுத்தார். ஒரே தடவை கட்டினால் போதும் என்று சொன்னார்களாம். அடுத்த வருடம் இரண்டாவது பிரீமியத்துக்கு நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது. விற்ற அதிகாரி அதற்குள் வேறு கிளைக்கு மாறிவிட்டார்.

பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். இதை ‘ஃப்ரீ லுக்’ என்பார்கள். ஆயுள் பாலிசிக்கும் உண்டு, மருத்துவப் பாலிசிக்கும் உண்டு. ‘அடுத்த வாரம் பார்க்கலாம் சார், மேனேஜர் லீவு’ என்று நாளைக் கடத்துவார்கள். அதை நம்பாமல் கம்பெனிக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், அல்லது பதிவுத் தபால் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். லாக்கர் வேண்டுமானால் பாலிசி எடுங்கள் என்று கட்டாயப்படுத்துவதும் முறையில்லை.

‘பழைய பாலிசியில் நாலு லட்சம் போனஸ் நிற்கிறது’ என்று போன் வந்தது. பாலிசி நம்பரையே சரியாகச் சொன்னார்கள்.

நம்பர் சரியாக இருப்பது உண்மைக்குச் சான்று இல்லை. உங்கள் விவரம் எங்கேயோ கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐஆர்டிஏஐயிலிருந்து பேசுகிறேன் என்பார்கள். ஐஆர்டிஏஐ பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை, யாருக்கும் போன் போட்டுப் பணம் விடுவிப்பதில்லை. ஆணையமே பல தடவை அறிவித்த விஷயம் இது.

அவர்கள் கேட்பது ஒரே தொகையாக இருக்காது. முதலில் ஃபைல் கட்டணம் 8,000, அப்புறம் வரி, அப்புறம் ‘இந்தப் புதுப் பாலிசியை எடுத்தால் பழையது ரிலீஸ் ஆகும்’. முதலில் போட்டதை இழக்க மனமில்லாமல் மேலும் மேலும் போடுவோம். படித்த, கணக்குத் தெரிந்த மனிதர்கள் இதில் மாட்டுகிறார்கள். ஏமாந்தவர் வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பதுதான் அந்த மோசடிக்காரர்களுக்கு மூலதனம். பெற்றோர் ஏமாந்துவிட்டால் பிள்ளைகள் ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930-க்கு அடியுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது. பணம் கை மாறுவதற்குள் நிறுத்த முடிந்தால் உண்டு, அதனால் மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. வங்கியிலும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து ஆதாரும் கைரேகையும் கேட்கிறார்கள், இலவச முகாம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

வீட்டு வாசலில் கைரேகை வைக்க வேண்டாம். அரசுக் காப்பீட்டு அட்டை வேண்டுமானால் நீங்களே மையத்துக்குப் போங்கள். ஓடிபி கேட்டால் பேச்சையே முடித்துவிடுங்கள்.

இலவச முகாம் எல்லாமே பொய் இல்லை. கண் முகாம்களால் பார்வை பெற்றவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் 2024 நவம்பரில் அகமதாபாத்தில் நடந்ததை நினைவில் வையுங்கள். ஒரு கிராமத்தில் இலவச முகாம் நடத்தி, முதியவர்களை பஸ்ஸில் ஏற்றிப் போய், அரசுக் காப்பீட்டில் பணம் வாங்குவதற்காகத் தேவையில்லாமல் ஆஞ்சியோபிளாஸ்டி (இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை) செய்ததாக ஒரு தனியார் மருத்துவமனை மீது வழக்கு. இரண்டு பேர் இறந்தார்கள். முகாமில் ஒரு நோய் இருப்பதாகச் சொன்னால் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு உங்கள் வழக்கமான டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அன்றே படுக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, எந்த மருத்துவமனையிலும், வேண்டாம்.

ஏஜென்ட் நல்ல பையன், தெரிந்தவன். பிரீமியத்தை அவன் ஜிபேவுக்கே போடச் சொல்கிறான்.

வேண்டாம். நல்ல பையனாகவே இருக்கட்டும், பணம் கம்பெனி பெயருக்குத்தான் போக வேண்டும். செக் என்றால் கம்பெனி பெயரில், ஆன்லைன் என்றால் கம்பெனியின் தளத்தில். கமிஷனில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்றால் அதுவும் சட்டப்படி தப்பு. அவனுடைய உரிம எண்ணைக் கேட்டு வாங்கி கம்பெனியில் சரிபாருங்கள். 2025 மார்ச் முதல் ‘பீமா அஸ்பா’ என்று ஒரு வசதி இருக்கிறது. கம்பெனி பாலிசியை ஏற்கும்வரை பிரீமியம் உங்கள் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும், ஏற்றால்தான் போகும்.

‘ஹெல்த் கார்டு, வருடம் இரண்டாயிரம்’ என்று விற்பவர்களும் உண்டு. அதில் பல வெறும் தள்ளுபடி அட்டைகள். காப்பீட்டு கம்பெனியின் பெயரும் பாலிசி எண்ணும் இல்லாதது காப்பீடே இல்லை.

டிஸ்சார்ஜ் சொல்லிவிட்டார்கள், கம்பெனி அனுமதி வரவில்லை என்று மாலைவரை உட்கார வைக்கிறார்கள்.

கேஷ்லெஸ் என்பது மருத்துவமனைக்குக் கம்பெனியே நேராகப் பணம் கட்டும் முறை. அந்தக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி என்பது 2024 மே மாதச் சுற்றறிக்கை. மூன்று மணி தாண்டி மருத்துவமனை கூடுதலாக வாங்கினால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். ஆனால் மருத்துவமனை பில்லை அனுப்பாமலேயே ‘இன்சூரன்ஸில் லேட்’ என்று சொல்வதும் நடக்கிறது. எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டு, அதே நேரத்தை கம்பெனியின் உதவி எண்ணில் சரிபார்த்தால் உண்மை வெளியே வரும்.

கிளைமை மறுத்துவிட்டால்?

காரணத்தையும், பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனிக்குள் இருக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. 50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், வெள்ளைத் தாளில் உங்கள் பாஷையில் எழுதினால் போதும். கம்பெனியின் கடைசிப் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: குறைதீர்ப்பாளரிடம் போகப் போகிறார் என்று தெரிந்ததும் மறுபடி எடுத்துப் பார்க்கப்பட்ட ஃபைல்கள் உண்டு.

பாலிசிப் பத்திரத்தை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சாவி எங்கே என்று உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியுமா? ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் ஏறப் போவது நீங்கள், கவுன்டரில் நிற்கப் போவது அவர். பாலிசி எண், கம்பெனியின் உதவி எண், பக்கத்தில் கேஷ்லெஸ் உள்ள இரண்டு மருத்துவமனைகள், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள், இந்த நாலையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பின்னால் இருந்தது. அவசரத்துக்குக் காலண்டரைத் தூக்க யாருக்கும் தோன்றாது என்று மனைவி அதை ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டாள்.